தெலங்கானா கிடைத்த கதை: எதைப் படிக்கலாம், எதை விடலாம்?

கணக்கப்பிள்ளை எழுதியது:

தனி மாநிலம் என்று பேச்சு வந்தாலே எல்லாரும் தெலங்கானாவை இழுக்கிறோம். இழுத்துவிட்டு இரண்டே வரியில் முடித்தும் விடுகிறோம். டிஆர்எஸ் (தெலங்கானா ராஷ்டிர சமிதி) தலைவர் கேசிஆர் சாப்பிடாமல் கிடந்தார், டெல்லி பயந்துவிட்டது என்பது ஒரு தரப்பு. காங்கிரஸ் சீட்டுக்கு ஆசைப்பட்டு மாநிலத்தை உடைத்தது என்பது இன்னொரு தரப்பு. இரண்டுமே கடைசி ஐந்து வருடத்துக் கதை. அதற்கு முந்தைய ஐம்பது வருடத்தைப் பார்க்காமல் இதிலிருந்து பாடம் எடுத்தால் தப்பான பாடம்தான் கிடைக்கும். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1955 செப்டம்பரில் மாநில மறுசீரமைப்பு ஆணையம் அறிக்கை கொடுத்தது. தலைவர் பசல் அலி. உறுப்பினர்கள் குன்சுருவும் கே.எம். பணிக்கரும். மொழி ஒன்று என்பதற்காக ஆந்திராவையும் தெலங்கானாவையும் உடனே ஒட்ட வேண்டாம் என்பது அவர்கள் யோசனை. தெலங்கானா பகுதி ஐதராபாத் மாநிலம் என்ற பெயரில் தனியாக இருக்கட்டும். 1961 வாக்கில் வரும் பொதுத்தேர்தலுக்குப் பிறகு அதன் சட்டமன்றம் மூன்றில் இரண்டு பங்கு பலத்தோடு கேட்டால் சேர்க்கலாம் என்றார்கள். காரணமும் எழுதியிருந்தார்கள். ஆந்திர மாநிலம் பற்றாக்குறையில் ஓடிக்கொண்டிருந்தது. தெலங்கானாவுக்கு நிலவரியும் கலால் வரியும் நன்றாக வந்தது. கடலோர மாவட்டங்கள் சென்னை மாகாணத்தில் இருந்ததால் அங்கே ஆங்கிலப் படிப்பு வேரூன்றியிருந்தது. நிஜாம் பகுதியில் அரசு அலுவலகமும் கல்லூரியும் உருதுவில் நடந்தன. சேர்ந்தால் அரசு வேலை மொத்தமும் கிழக்கேயிருந்து வருகிறவர்களுக்குப் போய்விடும் என்ற பயம் தெலங்கானாக்காரர்களுக்கு இருந்ததை ஆணையமே பதிவு செய்தது.

டெல்லி அதைக் கேட்கவில்லை. 1956 பிப்ரவரி 20 அன்று இரு பக்கத்துக் காங்கிரஸ் தலைவர்களும் டெல்லியில் உட்கார்ந்து ஓர் உடன்பாடு எழுதினார்கள். கனவான்கள் ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். முதல்வர் ஆந்திரப் பகுதிக்காரர் என்றால் துணை முதல்வர் தெலங்கானாக்காரர். தெலங்கானாவின் உபரி வருவாய் தெலங்கானாவுக்கே. அரசு வேலையில் உள்ளூர்க்காரர்களுக்கான முல்கி விதிகள் தொடரும். தெலங்கானாவின் நலன்களைப் பார்க்க ஒரு மண்டலக் குழு இருக்கும். இப்படிப் போகிறது பட்டியல். நவம்பர் 1 அன்று ஆந்திரப் பிரதேசம் பிறந்தது. நீலம் சஞ்சீவ ரெட்டி முதல்வரானார். அந்த அமைச்சரவையில் துணை முதல்வரே கிடையாது. ஆரம்பித்த நாளே முதல் ஷரத்து போயிற்று.

சரி, மீறினால் எங்கே போய் முறையிடுவது? கட்சித் தலைவர்கள் போட்ட கையெழுத்துக்கு நீதிமன்றத்தில் என்ன மதிப்பு? அதைத்தான் யாரும் யோசிக்கவில்லை. அல்லது யோசித்தவர்கள் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் இதன் மறுபதிப்புதான். கொத்தகூடம் அனல் மின்நிலையத்தில் உள்ளூர்க்காரர்களுக்கு வேலை இல்லை என்று கிளம்பிய பொறிதான் 1969 போராட்டம். கம்மத்தில் ஒரு மாணவர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். முதலில் கேட்டது ஒப்பந்தத்தை அமல்படுத்துங்கள் என்பதை மட்டும்தான். சில வாரங்களில் அது தனி மாநிலக் கோரிக்கையாக மாறியது. துப்பாக்கிச் சூடுகளில் செத்தவர்கள் 369 பேர் என்பது இயக்கத்தார் கணக்கு. 1971 மக்களவைத் தேர்தலில் தெலங்கானா பிரஜா சமிதி அந்தப் பகுதியின் 14 இடங்களில் 10 இடங்களை வென்றது. அதே வருடம் செப்டம்பரில் சமிதியைத் தூக்கிக்கொண்டு போய்க் காங்கிரஸில் கரைத்தார் அதன் தலைவர் சென்னா ரெட்டி. பதிலுக்கு முதல்வர் பிரம்மானந்த ரெட்டி விலகினார், தெலங்கானாக்காரரான நரசிம்ம ராவ் முதல்வரானார்.

1972 அக்டோபரில் முல்கி விதிகள் செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். உடனே ஆந்திரப் பக்கம் 'ஜெய் ஆந்திரா' கிளர்ச்சி வெடித்தது. குடியரசுத் தலைவர் ஆட்சி, 1973-இல் ஆறு அம்சத் திட்டம், முல்கி விதிகள் ரத்து, வேலையிலும் படிப்பிலும் உள்ளூர்க்காரர்களுக்கு முன்னுரிமை தர அரசியல் சட்டத்தில் 371-டி பிரிவு, 1975-இல் குடியரசுத் தலைவர் ஆணை, வேலை நியமனத்துக்காக மாநிலம் முழுக்க ஆறு மண்டலங்கள். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் அந்த மண்டல முறையும் மீறப்பட்டிருந்தது. என்.டி.ஆர். அரசு 1985 டிசம்பரில் அரசாணை 610 போட்டது. விதியை மீறி நியமிக்கப்பட்டவர்களை 1986 மார்ச் 31-க்குள் அவரவர் மண்டலத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். 2001-இல், அந்த ஆணை ஏன் அமலாகவில்லை என்று விசாரிக்க கிர்கிளானி ஆணையம் போட்டார்கள்!

என் வாதம் இதுதான். இந்த இயக்கத்துக்கு ஒரு கட்டுக் காகிதம் இருந்தது. எங்களை ஒதுக்குகிறார்கள் என்று எந்தப் பகுதிக்காரரும் சொல்லலாம். இந்தத் தேதியில் இதைத் தருவதாக எழுதிக் கொடுத்தாய், தரவில்லை என்று சொல்ல எல்லாராலும் முடியாது. பேராசிரியர் ஜெயசங்கர் போன்றவர்கள் ஆயுள் முழுக்கச் செய்தது இந்தக் கணக்கைச் சேர்த்து வைத்ததுதான். கேசிஆர் 2001 ஏப்ரல் 27 அன்று கட்சி ஆரம்பித்தபோது அவருக்குச் சரக்கு தயாராக இருந்தது.

—

செகந்திராபாத்_தமிழ் எழுதியது:

கணக்கப்பிள்ளை சார், நல்ல பதிவு. ஆனால் அரசாணை எண்ணைப் படித்துவிட்டு யாரும் தெருவுக்கு வரவில்லை. இங்கே ரொம்ப வருடமாகக் குடியிருக்கிறவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

2010, 11-இல் இந்த ஊரில் இருந்தவர்களுக்கு 'வண்டா வார்ப்பு' ஞாபகம் இருக்கும். சாலை மறியல்தான், ஆனால் சமையலோடு. நெடுஞ்சாலை நடுவில் செங்கல் அடுக்கி அடுப்பு மூட்டுவார்கள். ஒரு அண்டாவில் சோறு, ஒன்றில் பப்பு. வீட்டுப் பெண்கள் முறத்தோடு வந்து அரிசி புடைப்பார்கள், ஆபீஸ் ஆட்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு வெங்காயம் நறுக்குவார்கள். வெந்ததும் வெள்ளைக்கோட்டின் மேலேயே வரிசையாக இலை போட்டுப் பந்தி. மறித்து நிறுத்தின லாரியின் டிரைவரையும் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். போலீஸ்காரர் தடியை எடுக்கவும் முடியாது, சும்மா பார்த்துக்கொண்டு நிற்கவும் முடியாது. பக்கத்திலேயே 'தூம் தாம்' மேடை. கம்பளியைத் தோளில் போட்டு, கால் சலங்கையோடு பாட்டு. பதுக்கம்மா என்ற பூத் திருவிழா நாளில் ஆபீஸ் வாசலிலேயே பூவை அடுக்கிச் சுற்றி வந்து ஆடுவார்கள்.

2011 செப்டம்பர் 13 முதல் 42 நாள் நடந்த சகல ஜனுல சம்மெ (எல்லா மக்களின் வேலைநிறுத்தம்) பற்றி வெளியூரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. அரசு ஊழியர், வாத்தியார், பஸ் தொழிலாளி, வக்கீல், சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி எல்லாரும் ஒரே நேரத்தில் வேலையை நிறுத்தினார்கள். சுரங்கம் நின்றதும் மின்சாரம் அடி வாங்கியது. பள்ளிக்கூடம் இல்லாமல் பிள்ளைகள் வீட்டில். பஸ் இல்லாததால் ஷேர் ஆட்டோவில் பன்னிரண்டு பேர் தொங்கிக்கொண்டு போனோம். என் பக்கத்து வீட்டு வாத்தியாருக்கு அந்த மாதச் சம்பளம் வரவில்லை. மளிகைக் கடைக்காரர் கணக்கு எழுதிக்கொண்டு சாமான் கொடுத்தார். அவர் ராயலசீமாக்காரர், அதாவது ஆந்திரப் பக்கத்துக்காரர் என்பது இதில் வேடிக்கை.

இதை நடத்தியது டிஆர்எஸ் கட்சி என்று நினைக்காதீர்கள். கூட்டு நடவடிக்கைக் குழு, ஜேஏசி. தலைவர் கோதண்டராம், உஸ்மானியாவில் அரசியல் பாடம் நடத்தியவர். ஊருக்கு ஒரு ஜேஏசி, சாதிக்கு ஒன்று, டாக்டருக்கு ஒன்று, வக்கீலுக்கு ஒன்று, சலவைத் தொழிலாளிக்குக்கூட ஒன்று. மண்டல் (மாவட்டத்துக்குள் இருக்கும் சிறிய நிர்வாகப் பிரிவு) ஆபீஸ் வாசலில் தொடர் உண்ணாவிரதப் பந்தல் வருடக்கணக்கில் பிரியாமல் நின்ற ஊர்கள் உண்டு.

இன்னொன்று, தமிழர்களுக்கும் இதில் பழைய பங்கு உண்டு. 1952 முல்கி கிளர்ச்சியில் மாணவர்கள் கத்திய கோஷம் 'நான்-முல்கி கோ பேக்', அதாவது வெளியூர்க்காரர்களே திரும்பிப் போங்கள். அதோடு சேர்த்து 'இட்லி சாம்பார் கோ பேக்'! 1948-இல் ஐதராபாத்தை இந்தியாவோடு சேர்த்த ராணுவ நடவடிக்கைக்குப் பிறகு சென்னை மாகாணத்திலிருந்து வந்து உட்கார்ந்த குமாஸ்தாக்களையும் வாத்தியார்களையும்தான் சொன்னார்கள். சிட்டி காலேஜ் அருகே துப்பாக்கிச் சூடு நடந்து மாணவர்கள் செத்தார்கள், அதனால் சிரித்துவிட்டுப் போகவும் முடியாது.

—

தூத்துக்குடி_உப்பு எழுதியது:

அப்போதைய உள்துறை அமைச்சர் சிதம்பரம், தெலங்கானா அமைக்கும் வேலை தொடங்கும் என்று 2009 டிசம்பர் 9 ராத்திரி அறிவித்துவிட்டு இரண்டு வாரத்தில் ஏன் பின்வாங்கினார்? அதை யாராவது சொல்லுங்கள்.

—

கணக்கப்பிள்ளை எழுதியது:

உப்பு, டிசம்பர் 7 அன்று முதல்வர் ரோசய்யா கூட்டிய அனைத்துக் கட்சிக் கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் தெலங்கானாவுக்கு எதிர்ப்பு இல்லை என்றார்கள். தெலுங்கு தேசம் அதற்கு முந்தைய வருடமே பிரணாப் முகர்ஜி குழுவுக்கு ஆதரவுக் கடிதம் கொடுத்திருந்தது. இவர்கள் யாரும் டெல்லி நிஜமாகவே அறிவிக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. எதிர்க்கட்சி எப்படியும் முட்டுக்கட்டை போடும், பழி அவர்கள் தலையில் விழட்டும் என்று எல்லாரும் சரி சொன்னார்கள். அறிவிப்பு வந்ததும் கடலோர ஆந்திராவிலும் ராயலசீமாவிலும் எல்லாக் கட்சி எம்எல்ஏக்களும் கொத்தாக ராஜினாமா. டிசம்பர் 23 அன்று, இன்னும் விரிவாகக் கலந்து பேச வேண்டும் என்று சிதம்பரம் சொன்னார். மறுநாளே ஐதராபாத்தில் ஜேஏசி பிறந்தது. மேலே சொன்ன பந்தல்களும் பந்திகளும் அதற்குப் பிறகு வந்தவைதான். டிசம்பர் 9 அறிவிப்பு அப்படியே நின்றிருந்தால் அவ்வளவு பெரிய மக்கள் இயக்கம் நடந்தே இருக்காது என்பது என் எண்ணம்.

பிரிக்கலாமா என்று ஆராய மத்திய அரசு போட்ட ஸ்ரீகிருஷ்ணா குழு அறிக்கையையும் சொல்ல வேண்டும். ஆறு வழிகளை அடுக்கிவிட்டு, மாநிலத்தை ஒன்றாக வைத்து சட்டபூர்வமான மண்டலக் குழு அமைப்பதே நல்லது என்றது. ராயலசீமாதான் பல விதத்தில் அதிகம் பின்தங்கியிருக்கிறது என்றும் காட்டியது. அது தப்பில்லை. ஆனால் இன்னொரு மண்டலக் குழு என்று 2011-இல் போய்ச் சொன்னால் 1956-ஐப் பார்த்தவர்கள் என்ன சொல்வார்கள்?

—

குண்டூர்_மிளகாய் எழுதியது:

எல்லாரும் ஒரு பக்கமே பேசுகிறீர்கள். நான் பிறந்தது வளர்ந்தது விஜயவாடா, குண்டூர் பக்கம். வீட்டில் தமிழ், வெளியே தெலுங்கு. அந்தப் பக்கத்துக் கோபத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

பொட்டி ஸ்ரீராமுலு மயிலாப்பூரில் 58 நாள் உண்ணாவிரதம் இருந்து 1952 டிசம்பர் 15 அன்று உயிரை விட்டார். ஆந்திர மாநிலம் வந்தது, சென்னை கிடைக்கவில்லை. 'மதராஸ் மனதே' என்று முழங்கியவர்கள் கர்நூலில் கூடாரம் போட்டுத் தலைநகரம் நடத்தினார்கள். அங்கிருந்து ஐதராபாத். மூன்று தலைமுறை அங்கே போட்ட காசு, வாங்கின நிலம், கட்டின ஆஸ்பத்திரி, சினிமா ஸ்டுடியோ, சாஃப்ட்வேர் கம்பெனி. குண்டூர் மாவட்டத்தில் படித்த பையனுக்கு வேலை என்றால் ஐதராபாத்தான். 2014-இல் அதுவும் போயிற்று. ஒரே ஆயுளில் இரண்டு முறை தலைநகரத்தை இழந்த கிழவர்கள் எங்கள் தெருவில் உண்டு. இவர்களெல்லாம் சுரண்டல்காரர்களா?

பிரித்த விதத்தையும் பாருங்கள். 2014 ஜனவரி 30 அன்று ஆந்திர சட்டமன்றம் மசோதாவை நிராகரித்தது. அரசியல் சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி மாநிலத்தின் கருத்தைக் கேட்டால் போதும், ஏற்க வேண்டியதில்லை. நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும். சரி, சட்டம் அப்படி. பிப்ரவரி 13 அன்று எங்கள் எம்பி ஒருவர் மக்களவைக்குள் மிளகுப் பொடி ஸ்ப்ரே அடித்தார். எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் 18-ஆம் தேதி கதவைச் சாத்தி, டிவி நேரலை நின்றுபோய், அந்தக் கூச்சலில் மசோதாவை நிறைவேற்றினார்களே, அதற்கு யார் வெட்கப்படுவது? ஒரு மாநிலத்தை அதன் சட்டமன்றமே வேண்டாம் என்ற பிறகும் பிரிக்கலாம் என்றால் நாளை எந்த மாநிலத்தையும் எப்படியும் வெட்டலாம். தமிழ்நாட்டில் இதைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் எத்தனை பேர்?

கடைசியில் 20-ஆம் தேதி மாநிலங்களவையில் மன்மோகன் சிங் எழுந்து எங்களுக்கு ஐந்து வருடம் சிறப்பு அந்தஸ்து என்றார். போதாது, பத்து வருடம் வேண்டும் என்றார் வெங்கய்ய நாயுடு. ஆட்சி மாறியது. 2016-இல் ஜேட்லி சிறப்பு அந்தஸ்து இல்லை, சிறப்பு உதவி என்றார். முடிந்தது கதை.

—

கணக்கப்பிள்ளை எழுதியது:

மிளகாய், உங்கள் கடைசிப் பத்தி என் முதல் பதிவுக்குத்தான் வலு சேர்க்கிறது. சிறப்பு அந்தஸ்து மறுசீரமைப்புச் சட்டத்துக்குள் எழுதப்படவில்லை. அவையில் பிரதமர் வாய்மொழியாகச் சொன்னது. 1956-இல் தெலங்கானாத் தலைவர்கள் எதை நம்பி ஏமாந்தார்களோ அதையேதான் 2014-இல் ஆந்திராத் தலைவர்களும் நம்பினார்கள். அதுவும் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பந்த மீறலை ஐம்பது வருடம் பார்த்தவர்கள்! 2018-இல் அதற்காகக் கூட்டணியை விட்டு வெளியே வந்து நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார் சந்திரபாபு நாயுடு. தோற்றது.

சட்டத்துக்குள் எழுதப்பட்டதற்கும் கதி பெரிதாக வேறில்லை. ஒன்பதாம், பத்தாம் அட்டவணையில் உள்ள நிறுவனங்களின் சொத்துப் பிரிவினை பத்து வருடம் தாண்டியும் முடியவில்லை. கிருஷ்ணா தண்ணீரில் மொத்தம் 811 டிஎம்சி. தெலங்கானாவுக்கு 299, ஆந்திராவுக்கு 512 என்று ஒரு தற்காலிக ஏற்பாடு. அதை மறுபடி பிரிக்க பிரிஜேஷ் குமார் தீர்ப்பாயத்துக்குப் புதிய வரையறை கொடுக்கவே 2023 அக்டோபர் ஆகிவிட்டது. போலவரம் அணைக்காகக் கம்மம் மாவட்டத்தின் ஏழு மண்டல்களை ஆந்திராவுக்கு மாற்றியது மட்டும் சுருக்க நடந்தது. மோடி அரசு பதவிக்கு வந்த கையோடு அவசரச் சட்டம். பாதித்தவர்களில் பெரும்பாலோர் கோயா, கொண்டரெட்டி பழங்குடிகள். அவர்கள் பக்கம் எந்த ஜேஏசியும் இல்லை.

—

மலைச்சாரல் எழுதியது:

காகிதம் இருந்தால் மாநிலம் கிடைத்துவிடுமா அண்ணே? மகாராஷ்டிராவின் விதர்பாவைப் பாருங்கள். அதே பசல் அலி ஆணையம் விதர்பாவைத் தனி மாநிலமாக்கச் சொன்னது. 1953-இல் நாக்பூர் ஒப்பந்தம் என்று அவர்களிடமும் ஒரு காகிதம் இருக்கிறது. அதன்படி நாக்பூரில் வருடா வருடம் குளிர்காலக் கூட்டத்தொடர் நடக்கிறது, எம்எல்ஏக்கள் வந்து ஆரஞ்சு தின்றுவிட்டுப் போகிறார்கள். 371-ஆம் பிரிவில் வளர்ச்சி வாரியத்துக்கு வழிகூட உண்டு. மாநிலம் வரவில்லை.

கூர்க்காலாந்து என்று தனி மாநிலம் கேட்கும் டார்ஜிலிங் இன்னும் மோசம். 1986 முதல் இரண்டு வருடம் கூர்க்காத் தலைவர் கிசிங் நடத்திய ரத்தக்களரி. கிடைத்தது மலைக் கவுன்சில். பிறகு பிமல் குருங், கிடைத்தது ஜிடிஏ (கூர்க்காலாந்து பிராந்திய நிர்வாகம்). 2017-இல் வங்காளியைக் கட்டாயப் பாடமாக்குவார்கள் என்ற பேச்சில் கிளம்பி 104 நாள் கடையடைப்பு. முதல் கொழுந்துக்கு அடுத்து வரும் இரண்டாம் பறிப்புத்தான் டார்ஜிலிங் தேயிலைக்கு நல்ல விலை தரும். அந்த வருடம் அது செடியிலேயே முற்றிப்போனது. கூர்க்காலாந்துக்காரர்களின் மன உறுதி தெலங்கானாவுக்குக் குறைந்ததல்ல. ஆனால் மலையில் மொத்தம் மூன்று சட்டமன்றத் தொகுதி, ஒரு மக்களவைத் தொகுதி. அந்த ஒன்றுக்காக வங்காளத்தின் 42-ஐப் பகைத்துக்கொள்ள எந்தக் கட்சிக்குத் தைரியம் வரும்?

தெலங்கானாவிடம் 17 மக்களவைத் தொகுதி இருந்தது. 2009-இல் காங்கிரஸ் அந்த மாநிலத்தின் 42-இல் 33 வென்றிருந்தது. முதல்வர் ராஜசேகர ரெட்டி இறந்தார், மகன் ஜெகன் தனிக்கட்சி கண்டார், 2012 இடைத்தேர்தலில் 18 சட்டமன்றத் தொகுதியில் 15 அவருக்கு. அந்தப் பக்கம் எப்படியும் போச்சு, இந்தப் பக்கமாவது டிஆர்எஸ்ஸைக் கட்சியில் இணைத்து 17-ஐ அள்ளலாம் என்று காங்கிரஸ் கணக்குப் போட்டது. கேசிஆர் இணைய மறுத்தார். 2014 மக்களவைத் தேர்தலில் காங்கிரஸுக்குத் தெலங்கானாவில் இரண்டு, ஆந்திராவில் பூஜ்யம். கணக்குத் தப்பியது காங்கிரஸுக்கு. ஆனால் அந்தக் கணக்கு இல்லாமல் மாநிலம் வந்திருக்காது.

—

செகந்திராபாத்_தமிழ் எழுதியது:

எண்ணிக்கை முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் 1971-இலும் 14-இல் 10 இருந்ததே? அதை எடுத்துக்கொண்டு போய்க் கட்சியில் கரைத்தது யார்? 2014-இல் கேசிஆர் இணைய மறுத்ததற்கு அந்த ஞாபகமும் ஒரு காரணம் என்று இங்கே டீக்கடையில்கூடச் சொல்வார்கள். சென்னா ரெட்டி என்றால் இன்னும் முகம் சுளிக்கிற பெரியவர்கள் உண்டு. ஜார்கண்டிலும் இதே கதை. ஜெய்பால் சிங் 1963-இல் ஜார்கண்ட் கட்சியைக் காங்கிரஸில் சேர்த்தார். அதற்குப் பிறகு 37 வருடம்.

—

வைகை_வாசகி எழுதியது:

நீங்களெல்லாம் சீட்டும் அரசாணையும் பேசுகிறீர்கள். செத்துப்போன பிள்ளைகளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே.

2009 நவம்பர் 29, கேசிஆர் உண்ணாவிரதத்துக்குக் கிளம்பிக் கைதான அன்றே ஸ்ரீகாந்தாச்சாரி என்ற இளைஞர் எல்.பி. நகரில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார், டிசம்பர் 3 அன்று இறந்தார். அவரைத் தொடர்ந்து எத்தனையோ பேர். 1,200-க்கும் மேல் என்று இயக்கத்தார் சொல்கிறார்கள். மாநிலம் வந்த பிறகு குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் என்று அறிவித்து அரசு கொடுத்ததோ அந்தக் கணக்கைவிட மிகக் குறைவான குடும்பங்களுக்கு. மேடையில் 1,200, கஜானாவில் சில நூறு. அந்த இளைஞரின் தாயாருக்கு 2014-இல் ஹுசூர்நகரில் டிக்கெட் கொடுத்தார்கள். தோற்றார்.

சாவை ஒவ்வொரு மேடையிலும் தியாகம் என்று கொண்டாடினால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிற இருபது வயதுப் பையன் என்ன நினைப்பான்? ஜேஏசி தலைவர்கள் பலர் சாகாதீர்கள், இருந்து போராடுங்கள் என்று கெஞ்சியதும் உண்மை. ஆனால் அதே வாரம் இறந்தவர் படத்தை ஊர்வலமாக எடுத்துப் போவார்கள். 1965-ஐப் பார்த்த நம் ஊருக்கு இது புதிதில்லை. தெலங்கானாவிலிருந்து நாம் படிக்கக் கூடாதது என்று ஒன்று உண்டென்றால் இதுதான்.

—

செகந்திராபாத்_தமிழ் எழுதியது:

வாசகி அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. சட்டமன்றத்துக்கு எதிரே கன் பார்க்கில் 1969-இல் இறந்தவர்களுக்கான தூண் நிற்கிறது. எந்தத் தலைவர் பதவி ஏற்றாலும் முதலில் அங்கே போய் மாலை போடுவார். அதைத் தாண்டி உள்ளே போன பிறகு என்ன செய்தார்கள் என்று கேட்டால் பதில் கலவையாகத்தான் வரும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். காகதீயர் காலத்திலிருந்து வந்த சங்கிலித் தொடர் ஏரிகளைத் தூர்வார எடுத்த மிஷன் காகதீயா நல்ல வேலை. வண்டலை விவசாயிகளே வண்டி கட்டி அள்ளிக்கொண்டு போய் வயலில் கொட்டினார்கள். 2018-இல் ரைத்து பந்து என்ற விவசாயி உதவித் திட்டம், ஏக்கருக்குப் போகத்துக்கு 4,000 ரூபாய். மின்வெட்டு நின்றது. பிரிந்தால் இருட்டில் கிடப்பீர்கள் என்று ஒன்றுபட்ட மாநிலத்தின் கடைசி முதல்வர் கிரண்குமார் ரெட்டி வரைபடத்தில் குச்சி வைத்துக் காட்டினாரே, அது பலிக்கவில்லை.

இனி மற்றது. தண்ணீர், நிதி, வேலை, இந்த மூன்றையும் சொல்லித்தான் மாநிலம் வாங்கினார்கள். தண்ணீருக்காகக் கட்டிய காளேஸ்வரம் பாசனத் திட்டத்தில் மேடிகட்டா தடுப்பணையின் தூண்கள் 2023 அக்டோபரில், தேர்தலுக்குச் சில வாரம் முன்பு, தாழ்ந்தன. வேலைக்காக உண்டாக்கிய தேர்வாணையத்தில் அதே வருடம் வினாத்தாள் கசிந்து குரூப்-1 முதல்நிலைத் தேர்வு ரத்தானது. உஸ்மானியா விடுதியில் இருந்து படித்த பிள்ளைகள் இன்னொரு வருடம் சாப்பாட்டுக்கு வீட்டில் காசு கேட்க வேண்டியிருந்தது.

எனக்கு அதைவிட உறுத்துவது ஜேஏசியின் கதி. மாநிலம் வந்ததும் அரசு ஊழியர் சங்கத் தலைவர்கள் சிலர் எம்எல்ஏ, அமைச்சர் ஆனார்கள். மிச்சம் பேர் வீட்டுக்குப் போனார்கள். கேள்வி கேட்டவர் கோதண்டராம் ஒருவர்தான். 2017 பிப்ரவரியில் வேலையில்லாத இளைஞர் பேரணிக்குக் கூப்பிட்டார். விடியும் முன்னே அவர் வீட்டுக்குப் போய்ப் பிடித்துக்கொண்டு போனது தெலங்கானா போலீஸ். இந்திரா பார்க் அருகே தர்ணா சவுக் என்று ஓர் இடம், எல்லாப் போராட்டமும் அங்கேதான் நடக்கும். அதை அதே வருடம் மூடினார்கள். நீதிமன்றம் போய்த்தான் 2018-இல் திறக்க முடிந்தது. பந்தல் போட்டு வந்த ஆட்சிக்குப் பந்தல் பிடிக்கவில்லை. 2022-இல் கட்சிப் பெயரில் இருந்த தெலங்கானாவையே எடுத்துவிட்டு பாரத் என்று போட்டார்கள். 2023-இல் தோற்றார்கள், 2024 மக்களவைத் தேர்தலில் ஒரு இடம்கூட இல்லை.

—

ஈரோடு_மஞ்சள் எழுதியது:

2021-இல் எல். முருகன் அமைச்சரானபோது அவர் குறிப்பில் கொங்கு நாடு என்று போட்டார்களே, அப்போது இங்கேயும் தனி மாநிலப் பேச்சு கிளம்பியது. இந்த அளவுகோலில் அது எங்கே நிற்கும்?

—

கணக்கப்பிள்ளை எழுதியது:

மஞ்சள், மீறப்பட்ட ஒப்பந்தம் ஒன்று காட்டுங்கள், பேசலாம். கோவைக்காரர்கள் அரசு வேலையில் ஒதுக்கப்பட்டார்கள் என்று ஒரு புள்ளிவிவரமாவது காட்டுங்கள். ட்விட்டரில் ஒரு வாரம் ஓடிய ஹேஷ்டேகுக்கும் ஐம்பது வருடப் பகைக்கும் ஒரே அளவுகோல் வேண்டாமே. தெலங்கானாவில் முதலில் குறை இருந்தது, அப்புறம் கோரிக்கை வந்தது.

—

போட்டித்தேர்வு_பையன் எழுதியது:

ஒரு சந்தேகம். மாநிலம் பிரிந்த பிறகு 371-டி என்ன ஆனது? போய்விட்டதா?

—

செகந்திராபாத்_தமிழ் எழுதியது:

போகவில்லை தம்பி. இரண்டு மாநிலத்துக்கும் தொடர்கிறது. தெலங்கானாவுக்கு 2018-இல் புதிய குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. ஏழு மண்டலம், இரண்டு பெருமண்டலம், நேரடி நியமனத்தில் 95 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கு. பத்து மாவட்டமாக இருந்ததை 33 ஆக்கிவிட்டதால், ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களைப் புது மாவட்டங்களுக்குப் பங்கு பிரிக்க வேண்டியிருந்தது. அதற்காக 2021 டிசம்பரில் போட்டதுதான் அரசாணை 317. சொந்த ஊரைப் பார்க்காமல் பணிமூப்பைப் பார்த்துப் பிரித்தார்கள். ஒரே மாவட்டத்தில் வேலை பார்த்த கணவன் ஒரு மாவட்டம், மனைவி ஒரு மாவட்டம் என்று வாத்தியார்கள் சிதறினார்கள். இளையவர்கள் பலருக்குப் பிறந்த மாவட்டத்தில் இடமில்லை. நாங்கள் இந்த ஊர்க்காரர்கள், எங்கள் வேலை எங்கள் ஊரில் வேண்டும் என்று மறுபடியும் போராட்டம், இந்த முறை தெலங்கானா அரசை எதிர்த்து. 2022 ஜனவரியில் அதற்காக உண்ணாவிரதம் உட்கார்ந்த பாஜக மாநிலத் தலைவரைக் கரீம்நகரில் கைது செய்தார்கள். ஆட்சி மாறி, 2024-இல் காங்கிரஸ் அரசு 317-ஐ ஆராய அமைச்சரவைத் துணைக்குழு போட்டது. எங்கள் தெருவில் இரண்டு டீச்சர்கள் அதற்கு மனு எழுதினார்கள்.